கோல் உதைத்த ஓர ஆட்டக்காரர்

ரக்பி என்னும் ஆட்டம் நம் நாட்டுக்கு முற்றிலும் புதியதன்று. 1873-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் ஒரு ரக்பிக் கழகம் நிறுவினர். வெயிலும் ஆட்பஞ்சமும் சேர்ந்து சில ஆண்டுகளில் அக்கழகத்தைக் கலைத்துவிட்டன. கலைந்தவர்கள் வங்கியிலிருந்த இருப்பை வெள்ளி ரூபாய்களாக வாங்கி, அவற்றை உருக்கி, கைப்பிடிகளில் நாகங்களும் மூடியில் ஒரு யானையும் அமைந்த கோப்பை ஒன்றைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினர். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் பொருது வருவது அக்கோப்பைக்காகவே. அதன் பெயரும் கல்கத்தாக் கோப்பை என்பதே. கல்கத்தாவில் வாழும் தமிழன்பர்கள் இதனை அறிந்திருப்பின் வியப்பில்லை.

ஆயினும் நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது அந்த ரக்பியைப் பற்றியன்று. அதிலிருந்து பிரிந்து, தனக்கென விதிகளையும் மக்களையும் அமைத்துக்கொண்ட 'ரக்பி லீக்' என்னும் ஆட்டத்தைப் பற்றியதாகும். அவ்வாட்டத்தில் ஸிட்னி நகரின் கழகம் ஒன்றுக்காக 1996 முதல் 2009 வரை ஆடிய ஹாசெம் எல் மஸ்ரி என்பாரின் ஆட்ட வாழ்வே நமது பொருள். பிறந்த மண்ணை விட்டு வேற்று மண்ணில் பெயர் நிறுவியவர் அவர். வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு அவ்வரலாறு சில இடங்களில் அணுக்கமாகவே தோன்றும்.

முதலில் ஆட்டம் பிரிந்த கதையைச் சிறிது காண்போம். இங்கிலாந்தின் வட பகுதிகளான யார்க்ஷயரிலும் லங்காஷயரிலும் ரக்பி ஆடியவர்களுள் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. காயம் பட்டால் வாரக் கூலியும் போயிற்று. இழந்த கூலியையேனும் கழகம் ஈடு செய்யலாகாதா என்று வடக்கத்தியர் கேட்டனர். ஆட்டத்துக்குக் காசு வாங்குதல் கண்ணியக் குறைவு என்று தலைமைக் குழுவினர் மறுத்தனர். கண்ணியம் பேசியோர் நாட்கூலிக்கு உழைத்தவர்கள் அல்லர் என்பது வேறு செய்தி. 1895-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் ஜார்ஜ் ஓட்டலில் வடபகுதிக் கழகங்கள் கூடித் தனியே பிரிந்தன. 1906-இல் அணிக்கு 15 பேர் என்பதை 13 ஆகக் குறைத்தனர். ஸிட்னித் தொழிலாளரிடையேயும் இதே குறை இருந்தது. 1908-இல் அந்நகரில் லீக் பட்டப் போட்டி தொடங்கிற்று. கூலிக் கணக்கில் பிறந்த ஆட்டம் என்பதனாலேயே, அது செல்வர் வாழும் பகுதிகளைவிட ஆலைப் பகுதிகளிலும் குடியேறியோர் பகுதிகளிலும் ஆழ வேரூன்றியது.

ஆடும் முறையை விளக்க நமது சடுகுடு ஓரளவு உதவும். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரணியின் நிலத்துக்குள் பாய்பவரைப் பிடித்து வீழ்த்துவதே காப்போரின் வேலை. வீழ்ந்தவர் எழுந்து பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னே உருட்டுவார். தோழர் எடுத்து ஓடுவார். இவ்வாறு ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குச் சேரும். கையால் பந்தை முன்னோக்கி எறிதல் கூடாது. ஆகவே பந்து பின்னும் பக்கமுமாகக் கைமாறிக் கைமாறி, இறுதியில் களத்தின் ஓரத்தில் காத்து நிற்பவரிடம் வந்து சேரும். இருபுறப் பக்கக் கோடுகளையும் ஒட்டி ஒவ்வொருவராக நிற்கும் அவர்களை விங்கர் என்பர். ஓர ஆட்டக்காரர் என்று நாம் சொல்லலாம். நடுக்களத்தில் பெரிய உடலினர் முட்டி மோதி வழி திறப்பர். திறந்த வழியின் கடைசி அடி அகலத்தில் ஓடுபவரே இவர்.

எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தை நிலத்தில் ஊன்றுதலுக்கு 'ட்ரை' என்று பெயர். அகராதியைக் கொண்டு பெயர்த்தால் அது 'முயற்சி' என்றாகும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம்மை இச்சொல் சற்று நேரம் நிறுத்தி வைத்தது. கோட்டைக் கடந்து பந்தை ஊன்றியவன் வெற்றியன்றோ பெற்றான்? அதை முயற்சி என்பானேன்? விடை வரலாற்றில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், கோட்டைக் கடந்ததற்கு மட்டும் புள்ளி ஏதும் கிடையாது. கடந்தவர் அணிக்குக் கிடைத்தது, கம்பங்களுக்கிடையே பந்தை உதைக்க முயலும் உரிமை ஒன்றே. உதை பலித்தால் அம்முயற்சி கோலாக மாற்றப்பட்டதாகக் கொள்வர். தவறினால் அதுகாறும் பட்ட பாடெல்லாம் கணக்கில் ஏறாது. காலப்போக்கில் மதிப்புகள் தலைகீழாயின. ஆஸ்திரேலிய லீக்கில் ட்ரைக்கு இருந்த 3 புள்ளிகள் 1983-இல் 4 ஆயின. அதன்பின் வரும் உதைக்கும், எதிரணியின் பிழைக்குத் தண்டமாகக் கிடைக்கும் உதைக்கும் 2 புள்ளிகள். பழைய பெயர் மட்டும் மாறவில்லை. 13 பேரின் உழைப்பு முழுமை பெற ஒருவரின் உதை வேண்டும் என்ற பழைய நினைவு அப்பெயருக்குள் இன்றும் உறைகிறது.

இவ்வுதைக்கு ஒரு கடுமையான விதி உண்டு. பந்து எவ்விடத்தில் ஊன்றப்பட்டதோ, அவ்விடத்துக்கு நேராகப் பின்வாங்கி நின்றே உதைக்க வேண்டும். கம்பங்களின் நடுவே ஊன்றியிருந்தால் உதை எளிது. மூலையில் ஊன்றியிருந்தாலோ பக்கக் கோட்டின் மேலிருந்து உதைப்பது போலாகும். களத்தின் அகலம் 68 மீட்டர். கம்பங்களின் இடைவெளி ஐந்தரை மீட்டர். குறுக்குக் கம்பத்தின் உயரம் 3 மீட்டர். ஓரத்தில் 25 மீட்டர் பின்வாங்கி நிற்பவருக்கு இலக்கு ஏறத்தாழ 42 மீட்டர் தொலைவில் இருக்கும். சாய்வாகப் பார்ப்பதால் ஐந்தரை மீட்டர் இடைவெளி மூன்றேகால் மீட்டர் போலச் சுருங்கிவிடும். காற்று வேறு தன் பங்கைக் கேட்கும்.

இப்போது ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். ஓர ஆட்டக்காரர் ட்ரை அடிக்கும் இடம் பெரும்பாலும் மூலைதான். அவரே அணியின் உதைகாரராகவும் இருந்துவிட்டால், தாம் பெற்ற வெற்றியின் விலையைத் தாமே செலுத்த வேண்டியவர் ஆகிறார். நூறு கெஜம் ஓடி, மூன்று பேரின் பிடியை உதறி, மூலைக் கொடியை உரசிக்கொண்டு விழுந்தெழுந்தவர், மூச்சு அடங்குமுன் அதே மூலைக்கு நேராகப் பந்தை நிறுத்திக் களத்திலேயே மிகக் கடினமான உதையை உதைக்க வேண்டும். அத்தனை நேரமும் கூட்டத்தோடு கூட்டமாக இருந்தவர் அவ்வொரு நிமிடத்தில் தனியர். எதிரணியினர் கம்பங்களின் கீழ் நின்று பார்ப்பர். தம் அணியினர் இடுப்பில் கைவைத்துப் பார்ப்பர். அரங்கு முழுதும் பார்க்கும். தவறினால் பழியைப் பங்கிட்டுக்கொள்ள ஆள் இல்லை.

பந்தை நிறுத்தும் முறைக்கும் ஒரு சிறு வரலாறு உண்டு. முட்டை வடிவப் பந்து தானே நில்லாது. முற்காலத்தில் குதிகாலால் மண்ணில் குழி தோண்டி அதில் நிறுத்தினர். பிறகு ஒரு சிறுவன் வாளியில் மணல் கொண்டு ஓடிவருவான்; உதைகாரர் அதைக் குவித்து, மேலே பள்ளம் செய்து, பந்தை அமர்த்துவார். அதன் பின்னர் பிளாஸ்டிக்காலான சிறு தாங்கி வந்தது. உதைக்கும் முறையும் மாறிற்று. பழைய தலைமுறையினர் பலர் நேராக ஓடிவந்து கால்விரல் நுனியால் குத்தினர். கால்பந்தாட்டத்தின் செல்வாக்கால், பக்கவாட்டிலிருந்து வளைந்து வந்து புறங்காலால் வீசி உதைக்கும் முறை 1970-களுக்குப் பின் பரவலாயிற்று. கால்பந்து ஆடி வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பிறவிச் சொத்துப் போல் அமைந்தது.

எல் மஸ்ரி அத்தகையவர். 1976-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் லெபனானின் டிரிபோலி நகரில் பிறந்தார். அதற்கு முந்தைய ஆண்டிலேதான் அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. அது 1990 வரை நீடித்தது. ஆகவே போரில்லாத லெபனானை அவர் தம் பிள்ளைப் பருவத்தில் கண்டதில்லை. 1988-இல் குடும்பத்தோடு ஸிட்னி வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 12-க்கு மேல் இராது. அவர் பெயரைப் பற்றி ஒரு சொல். 'எல்' என்பது அரபு மொழியின் சுட்டுச்சொல். 'மஸ்ரி' என்றால் எகிப்தியர் என்று பொருள். முன்னோருள் எவரோ எகிப்திலிருந்து லெபனானுக்கு வந்தவர் போலும்! ஊர்ப் பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் சுமந்துகொண்டு பம்பாயிலும் தில்லியிலும் வாழும் நமக்கு, பெயருக்குள் பழைய ஊர் ஒன்று ஒளிந்திருப்பது புதிதன்று.

போரினால் வெளியேறிய லெபனானியரில் பலர் ஸிட்னியின் காண்டர்பரி, பாங்க்ஸ்டவுன், லக்கெம்பா பகுதிகளில் குடியேறினர். லக்கெம்பாவில் பள்ளிவாசல் எழுந்தது. கடைப்பலகைகளில் அரபு எழுத்து ஏறியது. லக்கெம்பாவை அடுத்த பெல்மோரில் இருந்தது காண்டர்பரி-பாங்க்ஸ்டவுன் ரக்பி லீக் கழகத்தின் சொந்தக் களம். 1935-இல் பட்டப் போட்டியில் சேர்ந்த அக்கழகத்தை 'புல்டாக்ஸ்' என்று அழைப்பர். கால்பந்தை நேசித்து வந்த சிறுவன், சுற்றுப்புறம் முழுதும் வேறொரு பந்தை நேசிப்பதைக் கண்டான். குடியேறியவர் பிள்ளைகள் புதிய ஊரின் மொழியை வகுப்பறையில் மட்டும் கற்பதில்லை, ஆடுகளத்திலும் கற்கிறார்கள். மாட்டுங்காவிலும் கரோல்பாகிலும் பிள்ளைகளை வளர்ப்போர்க்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

1996-இல் அவர் கழகத்தின் முதல் அணியில் ஆடத் தொடங்கினார். ஆனால் உதைக்கும் பொறுப்பு அவருடையதன்று. நியூசிலாந்திலிருந்து வந்த டாரில் ஹாலிகன் என்பவர் அப்போது அணியில் இருந்தார். அவரும் ஓர ஆட்டக்காரரே. பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் பழகி, 1991-இல் ஸிட்னி லீக்குக்கு வந்தவர். அவர் உதைத்த உதைகளுள் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்வதற்கில்லை. 1998-ஆம் ஆண்டு இறுதியாட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தில், ஏறத்தாழப் பத்து நிமிடங்களே எஞ்சியிருந்தபோது பாரமட்டா அணி 18–2 என முன்னிலை பெற்றிருந்தது. மக்கள் வீடு திரும்ப எழுந்திருக்கும் நேரம். அதன்பின் புல்டாக்ஸ் மூன்று ட்ரைகளை அடித்தது. கணக்கைச் சமன் செய்ய வேண்டிய உதை பக்கக் கோட்டருகே அமைந்தது. ஹாலிகன் உதைத்தார், 18–18 ஆயிற்று. கூடுதல் நேரத்தில் புல்டாக்ஸ் 32–20 என வென்றது. அந்த ஒற்றை உதை தவறியிருந்தால், மூன்று ட்ரைகளும் ஒரு நல்ல தோல்வியின் அணிகலன்களாக மட்டுமே நின்றிருக்கும்.

ஹாலிகன் 2000-ஆம் ஆண்டின் முடிவில் ஓய்வு பெற்றார். அவர் சேர்த்த புள்ளிகள் 2034. ஸிட்னிப் போட்டி வரலாற்றில் 2000-ஐக் கடந்த முதல் மனிதர் அவரே. ஐந்து பருவங்கள் அவருடன் ஒரே அணியில் இருந்து, எதிர் ஓரத்தில் நின்று, எல் மஸ்ரி அவர் உதைகளைப் பார்த்திருந்தார். இக்காத்திருப்பை வீண் காலம் என்று நாம் கருதவில்லை. சங்கீதத்தில் பின்பாட்டுப் பாடிய ஆண்டுகளை எவரும் கழித்துச் சொல்வதில்லையே!

பொறுப்பு கைக்கு வந்ததும் அவர் செய்தது மலைப்புக்குரியது. 2003-ஆம் ஆண்டில் ஒன்றும் தவறாமல் தொடர்ந்து 35 உதைகளைக் கம்பங்களுக்கிடையே செலுத்தினார். இதன் அருமையை ஒரு கணக்கால் உணரலாம். நூற்றுக்கு எண்பது உதைகளில் வெற்றி பெறுபவர் மிகச் சிறந்த உதைகாரராக மதிக்கப்படுவார். அத்தகையவர் அடுத்த 35 உதைகளையும் தவறாமல் உதைப்பதற்குள்ள வாய்ப்பு ஏறத்தாழ 2500-இல் ஒன்று. அவற்றுள் மழையிலும் காற்றிலும் மூலையிலிருந்தும் உதைத்தவை அடங்கும். அரங்கத்தார் அவரை 'எல் மாஜிக்' என்று அழைக்கலாயினர். மாயம் என்ற அச்சொல் நமக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. ஆட்டநாள் அல்லாத நாட்களில், ஆளில்லாக் களத்தில் உதைத்த உதைகளை அது மறைத்துவிடுகிறது.

இடையே 2002-ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டில் புல்டாக்ஸ் தொடர்ந்து 17 ஆட்டங்களில் வென்று பட்டியலின் தலையில் இருந்தது. ஆட்டக்காரர்க்குத் தரும் மொத்த ஊதியத்துக்கு லீக் விதித்திருந்த உச்சவரம்பைக் கழகம் பெருமளவில் மீறியிருந்தது ஆகஸ்டில் வெளியாயிற்று. தண்டமாக 37 புள்ளிகள் பறிக்கப்பட்டன. முதலிடத்தில் நின்ற அணி பருவ முடிவில் கடைசி இடத்தில் நின்றது. இழந்த கூலிக்கு ஈடு கேட்டுப் பிறந்த ஆட்டம், நூறாண்டு கழித்து ஊதியம் மிகுந்ததற்காகத் தண்டம் விதிக்கும் நிலைக்கு வந்ததை எண்ணினால் சிரிப்பும் வருகிறது. ஆனால் அதை ஏற்று நின்ற ஆட்டக்காரர்க்குச் சிரிக்க என்ன இருந்தது? களத்தில் வென்ற ஆட்டங்கள் பட்டியலில் பொருளற்றுப் போயின.

இரண்டே ஆண்டுகளில் அவ்வணி மீண்டது. 2004-ஆம் ஆண்டுப் பருவத்தில் எல் மஸ்ரி 16 ட்ரைகளும் 139 கோல்களும் அடித்து 342 புள்ளிகள் சேர்த்தார். ஒரே பருவத்தில் அதுகாறும் எவரும் அத்தனை புள்ளிகளை எட்டியதில்லை. அக்டோபர் 3-ஆம் நாள் நடந்த இறுதியாட்டத்தில் ஸிட்னி ரூஸ்டர்ஸ் அணி இடைவேளையில் 13–6 என முன்னே நின்றது. பிற்பாதியில் ரூஸ்டர்ஸ் ஒரு புள்ளியும் பெறவில்லை. புல்டாக்ஸ் 16–13 என வென்றது. கடைசி நொடிகளில் கோட்டை நோக்கி விரைந்த எதிரணியாளரின் கணுக்காலைப் புல்டாக்ஸின் ஆண்ட்ரூ ரயன் எட்டித் தட்டி வீழ்த்தியிராவிடில் பட்டம் கைமாறியிருக்கும். வரலாற்றில் படமாக நிலைத்தது அந்தக் கை. கணக்கேட்டைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. புல்டாக்ஸின் 16 புள்ளிகளில் எல் மஸ்ரி அடித்த ஒரு ட்ரைக்கு 4, இரு கோல்களுக்கு 4, ஆக 8 புள்ளிகள் அவருடையவை. வெற்றியின் அளவோ வெறும் 3 புள்ளிகள். கழகம் பெற்ற எட்டாவது பட்டம் அது.

இவர் எந்நாட்டுக்கு ஆடினார் என்பது தனி வரலாறு. 2000-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் லெபனான் முதன்முறையாகக் களமிறங்கிற்று. அவ்வணியின் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவில் வளர்ந்த லெபனானியரால் ஆனது. நியூசிலாந்திடம் 64–0 எனத் தோற்றனர். வேல்ஸிடம் 24–22 என இரு புள்ளிகளில் இழந்தனர். குக் தீவுகளுடன் 22–22 எனச் சமன் செய்தனர். எல் மஸ்ரி அவ்வணியில் ஆடினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2002-இல், ஆஸ்திரேலியாவின் தேசிய உடையை ஒரே ஒரு டெஸ்ட் ஆட்டத்தில் அணிந்தார்.

மற்றொன்று இதனினும் சுவையானது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸும் குவீன்ஸ்லாந்தும் ஆண்டுதோறும் மோதும் தொடருக்கு 'தோற்ற மாநிலம்' என்று பொருள்படும் பெயர் உண்டு. 1980-க்கு முன், ஆட்டக்காரர் எம்மாநிலக் கழகத்தில் ஆடினாரோ அம்மாநிலத்துக்கே ஆடினார். பணம் மிகுந்த ஸிட்னிக் கழகங்கள் குவீன்ஸ்லாந்தின் சிறந்த இளைஞர்களை அழைத்துக்கொண்டதால், அவர்கள் தம் சொந்த மாநிலத்துக்கு எதிராகவே ஆட நேர்ந்தது. அதை மாற்றவே புது ஏற்பாடு வந்தது. 'தோற்றம்' என்றால் பிறந்த இடம் என்று எவரும் கொள்வர். விதியோ அப்படிக் கொள்ளவில்லை. ஒருவர் வளர்ந்தோர்க்கான ஆட்டத்தை முதன்முதல் எம்மாநிலத்தில் ஆடினாரோ அதுவே அவர் தோற்றம் என்று வகுத்தது. ஆகவே டிரிபோலியில் பிறந்த எல் மஸ்ரிக்குத் தோற்ற மாநிலம் நியூ சவுத் வேல்ஸ் ஆயிற்று. அம்மாநிலத்துக்கு அவர் ஆடியது 2007-இல் ஒரே ஒரு முறை. அப்போது அவருக்கு வயது 31. 'சொந்த ஊர் எது?' என்ற வினாவுக்குக் குடும்ப அட்டை ஒரு விடையும், பாட்டி ஒரு விடையும், பிள்ளைகள் வேறொரு விடையும் சொல்லும் வீடுகளை நாம் அறிவோம். அவர்களுக்கு இவ்விதி ஒரு நல்ல விடையைத் தருகிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

நாட்டுக்கும் மாநிலத்துக்கும் ஒவ்வொரு முறையே அழைக்கப்பட்டது ஏன் என்று கேட்கலாம். அக்காலத்தில் ஆஸ்திரேலியாவில் திறன் மிகுந்த ஓர ஆட்டக்காரர் பலர் இருந்தனர். தேர்வாளர் விருப்பம் வேறாக இருந்தது. நமது கருத்தில் அவருக்கு இன்னும் சில வாய்ப்புகள் அளித்திருக்கலாம்.

இவ்வாட்ட வாழ்வின் நடுவே ஸிட்னி ஒரு கொடிய நாளைக் கண்டது. 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் குரொனுல்லாக் கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு, அரபு நாட்டவர் போலத் தோன்றியவர்களைத் தேடித் தாக்கினர். அடுத்த இரவுகளில் பழிவாங்கும் வன்முறையும் நிகழ்ந்தது. லெபனானியர் என்ற பெயரே பலர் வாயில் வசைச்சொல்லாக மாறிய காலம் அது. அப்போது நாடறிந்த லெபனானியப் பெயர்களுள் ஒன்று எல் மஸ்ரியுடையது. தம் சமயக் கடமைகளை வெளிப்படையாகப் பேணிய முஸ்லிம் அவர் என்பதையும் அனைவரும் அறிவர். ஓர் ஆட்டக்காரரால் அந்நகரின் பிளவு நீங்கிற்று என்று சொன்னால் அது மிகையாகும். நாம் அவ்வாறு சொல்லவில்லை. ஆயினும் அடுத்த பருவம் தொடங்கியபோது, பலதரப்பட்ட மக்கள் ஒரே நீலவெள்ளைத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அவர் பந்தை நிறுத்திப் பின்னடி வைக்கும்போது மூச்சடக்கி இருந்தனர். அந்நேரத்தில் அவர்கள் விரும்பியது ஒன்றே; அதை நிறைவேற்றும் பொறுப்பை டிரிபோலியில் பிறந்தவரிடம் விட்டிருந்தனர். இதையும் அவ்வாண்டுகளின் வரலாற்றில் ஒரு வரியாகவேனும் எழுத வேண்டும்.

2008-இல் கழகம் மறுபடியும் தாழ்ந்தது. பருவத்தின் நடுவே இளம் நட்சத்திரம் ஒருவர் ஒப்பந்தத்தை முறித்துப் பிரான்சுக்குச் சென்றார். அணி கடைசி இடத்தில் முடிந்தது. எல் மஸ்ரி வேறெங்கும் செல்லவில்லை. பெல்மோருக்கு வந்த நாள் முதல் அவர் ஆடியது இந்த ஒரே கழகத்துக்குத்தான். 2009 அவருடைய கடைசிப் பருவம். அதன் தொடக்கத்திலேயே அவர் ஆண்ட்ரூ ஜான்ஸ் வைத்திருந்த 2176 புள்ளிகள் என்னும் எல்லையைக் கடந்தார். அந்த எல்லைக்கே ஒரு வமிசாவளி உண்டு. பாரமட்டாவின் மிக் குரோனின் 1986-இல் ஓய்வு பெற்றபோது 1971 என்று வைத்துச் சென்றார். ஹாலிகன் அதனை 2034 ஆக்கினார். ஜேசன் டெய்லர் 2107 ஆக்கினார். ஜான்ஸ் 2176 ஆக்கினார். அவர்களில் ஓரத்தில் நின்றவர் ஹாலிகன் ஒருவரே.

முந்திய ஆண்டு கடைசியில் நின்ற புல்டாக்ஸ் 2009-இல் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. இறுதியாட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தில் மீண்டும் எதிரே நின்றது பாரமட்டா. அரங்கில் 74 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தனர். 1998-இல் ஹாலிகனுக்கு வாய்த்தது போன்ற முடிவு இம்முறை வாய்க்கவில்லை. பாரமட்டா 22–12 என வென்றது. எல் மஸ்ரியின் ஆட்ட வாழ்வு அங்கே நிறைவுற்றது. 317 ஆட்டங்கள், 159 ட்ரைகள், 891 கோல்கள், மொத்தம் 2418 புள்ளிகள். பிரித்துப் பார்த்தால் ஓட்டத்தால் வந்தவை 636. உதையால் வந்தவை 1782.

பத்தாண்டுகள் நின்ற அந்த எண்ணை 2019-இல் மெல்பர்ன் அணியின் காமரன் ஸ்மித் கடந்தார். 2020-இல் அவர் விளையாட்டை விட்டபோது கணக்கு 2786-இல் நின்றது. ஸ்மித் நடுக்களத்தில், ஒவ்வொரு பிடிக்குப் பின்னும் பந்தை முதலில் எடுத்து வழங்கும் இடத்தில் ஆடியவர். பக்கக் கோட்டை ஒட்டி நின்று, மூலையில் விழுந்தெழுந்து, அங்கிருந்தே உதைத்தவர்களை மட்டும் எண்ணினால், எல் மஸ்ரிக்கு அடுத்து வருபவர் ஹாலிகனே.